வினவும் முறை

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய அரியலூர், பெரம்பலூர் நிலப்பகுதியில் பல இடங்கள் கடலடியில் இருந்தன. ஆதலின் காரை போன்ற ஊர்களின் ஓடைகளில், சுருள் வடிவான அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் கல்லாகிக் கிடக்கின்றன. இவற்றைத் தேடிக் காண்பது இனிய பொழுதுபோக்கு. ஆனால் புதிதாக இதில் இறங்கும் மாணவர், ஒரு கல்லை நீட்டி, "ஐயா, இது என்ன?" என்று மட்டும் வினவுகிறார். நான் திருப்பிக் கேட்பது, "எங்கே கிடைத்தது, தம்பி?" என்பதே. பலருக்கு அது நினைவிலிருப்பதில்லை.

1840-களில் கேய், கன்லிஃப் என்னும் இருவர், புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய புதைபடிவங்களை இலண்டனுக்கு அனுப்பினர். எது எவ்விடத்தது என்று தெரிந்திருந்தமையால், எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் இந்நாட்டைக் காணாமலே அவற்றை இடவாரியாக ஆராய்ந்து, 1846-இல் அறிக்கை வெளியிட்டார்.

எனவே கேட்குமுன் நூல்களைப் பாருங்கள். ஊர், பாறை அடுக்கு, அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊகத்தையும் அதற்குரிய காரணத்தையும் கூறுங்கள். விடை தருபவர் தம் ஓய்வுப் பொழுதை உங்களுக்கு ஈகிறார், அவரை விரைவுபடுத்தாதீர்கள். பெற்ற விடையை எழுதிவைத்து, அடுத்து வருபவருக்கும் சொல்லுங்கள்.

கணிப்பொறி விளையாட்டிலும் இதே முறைதான். "ஓடவில்லை" என்றால் போதாது. எந்தப் பொறி, எவ்விடத்தில் நின்றது, நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள் என்பவற்றைச் சொல்ல வேண்டும். விளையாட்டை மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். இடம் குறிக்காமல் பெயர்த்தெடுத்த கல்லை மீண்டும் அதன் அடுக்கில் வைக்க இயலாது.