5 நாட்களா, 5 வாரங்களா? மலக்குடல் புற்றுநோய் சிகிச்சையில் ஏழை நோயாளியின் கேள்வி

புதுதில்லி:
மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்வதற்கு முன் கதிர்வீச்சு தர வேண்டுமா, மருந்து மட்டும் போதுமா? கதிர்வீச்சு என்றால் 5 நாட்களா, 5 வாரங்களா? மருத்துவ மாநாடுகளில் தொடர்ந்து விவாதிக்கப்படும் இக்கேள்விகள், பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப்பிரதேசத்திலிருந்தும் தலைநகருக்குச் சிகிச்சை தேடி வரும் குடும்பங்களின் கூலியையும் தங்குமிடத்தையும் தீர்மானிப்பவை. எய்ம்ஸ் மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் நோயாளிகளின் குடும்பங்கள் நாட்கணக்கில் தங்கிக் கிடப்பது தில்லிவாசிகளுக்குப் பழகிப்போன காட்சி.

இடுப்பெலும்புக் கூட்டின் குறுகிய இடைவெளியில், சிறுநீர்ப்பை, கருப்பை போன்ற உறுப்புகளை ஒட்டி அமைந்திருப்பது மலக்குடல். கட்டியை அகற்றிய பின்னரும் அதே இடத்தில் நோய் மீண்டும் தலைதூக்குவது நெடுங்காலம் பெரும் சிக்கலாக இருந்தது. இதற்கு வழிகாட்டியது ஸ்வீடன். அறுவைக்கு முன் 5 நாட்கள் மட்டும் கதிர்வீச்சு அளித்தபோது, 5 ஆண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்புவது 27 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் குறைந்ததை 1997இல் அந்நாட்டு மருத்துவர்கள் வெளியிட்டனர்.

ஜெர்மானிய மருத்துவர்கள் வேறு வழியில் சென்றனர். 5 வாரங்களுக்கு மேல் சிறு அளவுகளில் கதிர்வீச்சும், உடன் புற்றுநோய் மருந்தும் அளிக்கும் முறை அது. இதனை அறுவைக்குப் பின் தருவதைவிட முன் தருவதே மேல் என்று 2004இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. நோய் அதே இடத்தில் திரும்புவது 13 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானது. எனினும் உயிர் பிழைத்தோர் விகிதத்தில் வேறுபாடு இல்லை. கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் நோய் பரவுவதைக் கதிர்வீச்சால் தடுக்க இயலவில்லை என்பதே காரணம்.

மருந்துக்கு முன்னுரிமை

இதனால் மருந்தையும் அறுவைக்கு முன்பே கொடுத்து முடிக்கும் முறை வந்தது. நெதர்லாந்து, ஸ்வீடன் உள்ளிட்ட 7 நாடுகளில் நடந்த 'ராப்பிடோ' ஆய்வில், 5 நாள் கதிர்வீச்சுக்குப் பின் 18 வாரங்கள் மருந்து தரப்பட்டது. 3 ஆண்டுகளில் பிற உறுப்புகளுக்கு நோய் பரவியது 20 சதவீதத்தினருக்கு. பழைய நீண்ட முறையில் இது சுமார் 27 சதவீதம். ஆனால் 5 ஆண்டுக் கண்காணிப்பில், அதே இடத்தில் நோய் திரும்புவது நீண்ட முறையில் 6 சதவீதமாகவும் புதிய முறையில் 10 சதவீதமாகவும் இருந்தது. ஒன்றில் கிடைத்த ஆதாயத்துக்கு மற்றொன்றில் விலை கொடுக்க நேர்ந்தது.

2023இல் அமெரிக்காவிலிருந்து வெளியான 'புரோஸ்பெக்ட்' ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. 12 வாரங்கள் மருந்து மட்டும் பெற்றவர்களில் 80.8 சதவீதத்தினரும், கதிர்வீச்சுடன் மருந்து பெற்றவர்களில் 78.6 சதவீதத்தினரும் 5 ஆண்டுகள் நோயின்றி வாழ்ந்தனர். கதிர்வீச்சால் கருவுறும் திறனை இழத்தல், முன்கூட்டியே மாதவிடாய் நிற்றல் போன்ற பாதிப்புகளைத் தவிர்க்க விரும்பும் இளம் நோயாளிகளுக்கு இது நல்ல செய்தி.

ஆயினும் எல்லோருக்கும் பொருந்தும் முடிவு அல்ல இது. ஆசனவாயை அகற்ற வேண்டிய அளவுக்குக் கீழே அமைந்த கட்டிகளும், அருகிலுள்ள உறுப்புகளில் ஊடுருவிய கட்டிகளும் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்டவர்களிலும் மருந்தால் கட்டி குறைந்தது 20 சதவீதமாவது சுருங்காவிட்டால் கதிர்வீச்சு தரப்பட்டது. அதாவது, துல்லியமான ஸ்கேன் பரிசோதனையும், தேவைப்பட்டால் உடனே பயன்படுத்தக் கதிர்வீச்சுக் கருவியும் அருகில் இருந்தன.

மாவட்ட மையங்களும் கருவிகளும்

இங்குதான் இந்திய நிலைமையைப் பொருத்திப் பார்க்க வேண்டியுள்ளது. நாட்டில் 2022இல் மட்டும் 14 லட்சத்து 61 ஆயிரம் பேர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளானதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பதிவேட்டுத் திட்டம் மதிப்பிட்டது. 2025 பிப்ரவரியில் தாக்கலான மத்திய பட்ஜெட்டில், 3 ஆண்டுகளுக்குள் அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் அமைக்கப்படும் என்றும், 2025-26இல் 200 மையங்கள் தொடங்கப்படும் என்றும் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். சொந்த மாவட்டத்திலேயே மருந்து ஏற்ற வழி செய்யும் இத்திட்டம் வரவேற்கத்தக்கது.

ஆனால் பகல்நேர மையத்தின் முதன்மையான பணி மருந்து ஏற்றுவதே. கதிர்வீச்சுக் கருவிகளோ பெரும்பாலும் பெருநகரங்களிலேயே குவிந்துள்ளன. இந்நிலை நீடித்தால், நோய்க்கு ஏற்றது என்பதால் அல்லாமல், கருவி தொலைவில் உள்ளது என்பதாலேயே கிராமத்து நோயாளிக்கு மருந்து மட்டும் கிடைக்கும். அமெரிக்க ஆய்வு அதற்குச் சான்றாகாது.

5 நாள் முறைக்கு இங்கு தனி முக்கியத்துவம் உண்டு. நீண்ட முறையில் ஒருவருக்குத் தேவைப்படும் 25 அமர்வுகளில், குறுகிய முறையில் 5 பேருக்குச் சிகிச்சை தர முடியும். வெளியூர் நோயாளி ஒரே வாரத்தில் ஊர் திரும்பி, மருந்தை மாவட்ட மையத்திலேயே தொடரலாம். இருப்பினும் யாருக்கு எந்த முறை என்பதை முடிவு செய்ய எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், அறுவை, கதிர்வீச்சு, மருந்தியல் நிபுணர்கள் கூடிப் பேசும் ஏற்பாடும் தேவை.

எனவே மாவட்ட மையங்கள் ஒவ்வொன்றும் கதிர்வீச்சு வசதியுள்ள மண்டல மருத்துவமனை ஒன்றுடன் இணைக்கப்பட வேண்டும். நோயாளிக்கும் உடன் வருபவருக்கும் பயணச் செலவும் தங்குமிடமும் காப்பீட்டுத் திட்டங்களில் சேர்க்கப்பட வேண்டும். எத்தனை மையங்கள் திறக்கப்பட்டன என்பதோடு, அவற்றில் எத்தனைக்கு இந்த இணைப்பு கிடைத்தது என்பதையும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் கேட்க வேண்டும்.