வீட்டுக் கம்ப்யூட்டரில் கம்பியில்லா இணைப்பு அறுந்துபோனால் செய்யத்தக்கவை

பட்டா மாறுதல் மனு, சிட்டா நகல், பயிர்க் காப்பீடு, வானிலை அறிவிப்பு, சந்தை நிலவரம் ஆகிய பல காரியங்கள் இந்நாளில் இணையத்தின் வாயிலாக நடைபெறுகின்றன. ஆதலின் நிலமுடைய விவசாயிகளும் கிராம உத்தியோகஸ்தர்களும் பலர் தம் இல்லத்திலேயே மேசைக் கம்ப்யூட்டர் வைத்து, வைஃபை என்று வழங்கும் கம்பியில்லா இணைப்பினால் அதனை உபயோகித்து வருகின்றனர். 2016-ம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு போகத்துக்கும் கடைசித் தேதி குறிக்கப்படுகிறது. அரசாங்கம் தவணை நீட்டினாலன்றி, அத்தேதிக்குள் பதியாதவர் அப்போகத்துக்குக் காப்பு இன்றி நிற்க நேரிடும். அத்தகைய நாளில் இணைப்பு அறுந்துபோயின் பதற்றம் உண்டாதல் இயல்பே. ஆனால் பழுது பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். பதற்றத்தில் செய்யும் காரியமே அதனைப் பெரிதாக்கிவிடும்.

கடைமடைக்கு நீர் வராதபோது அனுபவமுள்ள விவசாயி எடுத்த எடுப்பில் வரப்பை வெட்டுவதில்லை. மதகில் நீர் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பான்; பின்னர் வாய்க்காலோரமாக நடந்து அடைப்பையோ உடைப்பையோ காண்பான்; கடைசியாகவே தன் வயல்மடையைத் திறந்து பார்ப்பான். இணைப்பை ஆராய்வதற்கும் இதுவே முறை. வெளியிலிருந்து ரவுட்டர் வரை வரும் வழி மதகு; ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே உள்ள வெளி வாய்க்கால்; கம்ப்யூட்டரின் உட்பகுதி வயல்மடை. பழுது இம்மூன்றனுள் எங்கே என்று அறிந்தபின்னரே கை வைத்தல் வேண்டும்.

முதற் சோதனை

வீட்டிலுள்ள கைப்பேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, அதனை அதே வைஃபையில் இணைத்துப் பார்க்கவேண்டும். கைப்பேசியிலும் இணையம் வாராவிடில் பழுது ரவுட்டரிலோ அதற்கப்பாலோ உள்ளது, கம்ப்யூட்டரைத் தொடவேண்டுவதில்லை. கைப்பேசியில் வந்து கம்ப்யூட்டரில் மட்டும் வாராவிடில், பழுது கம்ப்யூட்டரிலோ அஃது இருக்கும் இடத்திலோ உள்ளது என்று கொள்ளலாம்.

ரவுட்டரில் பழுதாயின்

கண்ணாடியிழை இணைப்பு உள்ள வீடுகளில் ரவுட்டரின் எல்.ஓ.எஸ். என்னும் விளக்கு சிவப்பாக எரியுமானால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்பது பொருள். இழை எங்கேனும் அறுந்தோ மடங்கியோ இருக்கலாம். இதனைக் கம்பெனியாரே சரிசெய்யவேண்டும். அவ்விளக்கு எரியாவிடில், ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிஷம் கழித்து மீண்டும் கொடுத்து, விளக்குகள் நிலைபெறும் வரை சில நிமிஷம் பொறுத்திருக்கவேண்டும். மின்வெட்டுக்குப் பிறகு உண்டாகும் கோளாறு பெரும்பாலும் இவ்வளவில் தீரும்.

கம்ப்யூட்டரில் பழுதாயின்

கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல் செய்து, ஒவ்வொன்றன் பின்னும் இணைப்பைச் சோதித்தல் வேண்டும்.

1. ஏர்பிளேன் மோடு தவறுதலாகத் தட்டப்பட்டிருக்கிறதா, வைஃபை நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும்.

2. கம்ப்யூட்டரை 'ரீஸ்டார்ட்' செய்யவும். 2012-ல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாக, வெறுமனே 'ஷட் டவுன்' செய்தால் உள்நிலையின் ஒரு பகுதி சேமிக்கப்பட்டு மறுமுறை அதிலிருந்தே எழும்புமாறு பல கம்ப்யூட்டர்கள் அமைந்துள்ளன. ஆதலின் பழைய கோளாறும் உடன் எழும்பக்கூடும். 'ரீஸ்டார்ட்' ஒன்றே முழுமையான மறுதொடக்கமாகும்.

3. தேதியும் மணியும் சரியாக உள்ளனவா என்று நோக்கவும். கம்ப்யூட்டரின் உள்ளேயிருக்கும் சிறு பாட்டரி தீர்ந்தால் தேதி பின்னோக்கிச் சென்றுவிடும். அப்போது இணைப்பு நன்றாயிருந்தும் பாதுகாப்புள்ள தளங்கள் திறக்க மறுக்கும்.

4. வைஃபையின் பெயரை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கி, கடவுச்சொல்லைப் புதிதாக இட்டு இணைக்கவும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறெனவே கொள்ளப்படும்.

5. வைஃபையின் பெயரே தோன்றாவிடில் 'டிவைஸ் மானேஜர்' பகுதியில் வைஃபை அடாப்டரை 'டிஸேபிள்' செய்து மீண்டும் 'எனேபிள்' செய்யவும். அடாப்டரே அங்குக் காணப்படாவிடில், யுஎஸ்பியில் செருகப்பட்டதாயின் கழற்றி வேறு துளையில் செருகவும்.

ஆண்டெனாவும் இருக்குமிடமும்

இணைப்பு அறுந்தறுந்து வருமாயின் இடத்தைக் கவனிக்கவேண்டும். மேசைக் கம்ப்யூட்டரின் பெட்டி இரும்புத் தகட்டாலானது. ஆண்டெனாவோ அதன் பின்புறத்தில் இருக்கிறது. பெட்டியை மேசைக்கடியில் சுவரோடு ஒட்டி வைத்தால், அலை அத்தகட்டாலும் சுவராலும் தடைப்படும். திருகாணியுள்ள ஆண்டெனா துடைப்பத்தின் இடியால் தளர்வதும் உண்டு. இரும்பு பீரோ இடையில் நின்றாலும் இதுவே கதி.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கனத்த சுவரை ஓரளவு ஊடுருவும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுள்ளதாயினும் சுவரில் மிகுதியும் தேயும். ஆகவே தூரத்து அறையில் முன்னதே நலம். யுஎஸ்பி 3.0 துளையில் செருகிய வெளித்தட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இடையூறு செய்யும் என்பதை இன்டெல் கம்பெனி 2012-ல் வெளியிட்டது. அடாப்டரை ஒரு நீட்டிப்புக் கம்பியில் மாட்டி, வெளித்தட்டுக்குத் தூரமாக மேசைமேல் வைப்பது இதற்குப் பரிகாரம்.

செய்யத்தகாதவை

ரவுட்டரின் பின்புறத்துச் சிறு துளையிலுள்ள 'ரீசெட்' பொத்தானை ஊசியால் அழுத்தலாகாது. கம்பெனியார் பதிந்த அமைப்புகள் அதனால் அழிந்துபோகக்கூடும். பிறகு அவர்கள் ஆள் வரும்வரை வீட்டில் எவருக்கும் இணையம் இராது. டிரைவரை நீக்கும்போது மென்பொருளையும் அழிக்கலாமா என்று கேட்கும் கட்டத்தில் குறியிடலாகாது. ஒரே சமயத்தில் பலவற்றை மாற்றுதலும் கூடாது. எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று தெரியாமற் போகும்.

அவசரத்துக்கு வழி

கடைசி நாளாயின் பழுதைத் தேடிக்கொண்டிராமல் வேலையை முதலில் முடித்தல் வேண்டும். கைப்பேசியை அதன் சார்ஜர் கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்து, மொபைல் டேட்டாவைத் திறந்து, கைப்பேசியில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதைக் கொடுத்தால் வைஃபை இன்றியே இணையம் வரும். டேட்டா கடத்தாத சார்ஜர் கம்பிகளும் உள்ளமையால், ஒன்று பயன்படாவிடில் வேறொன்றை மாட்டிப் பார்க்கலாம். ரவுட்டர் அருகிலிருந்தால் லான் கம்பி ஒன்றை நேரே செருகினாலும் போதும். அக்கம்பி 100 மீட்டர் வரை செல்லும். கம்ப்யூட்டர் இடம்பெயராத பொருளாதலின், என்றும் கம்பியிலேயே இணைத்து வைத்திருப்பது நிலையான பரிகாரமுமாகும்.

போகம் தொடங்குமுன் மதகையும் வாய்க்காலையும் சீர்செய்து வைப்பது போல, கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னரே இணைப்பைச் சோதித்து, கடவுச்சொல்லையும் கம்பெனியாரின் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் அருகில் வைத்துக்கொள்ளுதல் விவசாயிகளுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் நலம் பயக்கும்.