கழற்சிக்காயா, காலை நடையா?

திருச்சி தில்லை நகரில் எந்தக் கிராஸில் திரும்பினாலும் ஒரு மருத்துவர் பலகையும் ஒரு ஸ்கேன் சென்டரும் கண்ணில் படும். மாலையில் அங்கே காத்திருப்பவர்களில் கல்லூரிப் பெண்களும் அவர்களுடைய அம்மாக்களும் நிறைய. மாதவிலக்கு தள்ளிப் போகிறது, பரு அடங்கவில்லை, முடி கொட்டுகிறது, எடை ஏறுகிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து "ஹார்மோன் பிராப்ளம்" என்று வீட்டில் ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். அடுத்து நாட்டு மருந்துக் கடையில் கழற்சிக்காய் வாங்குகிறோம். நாட்டு மருந்தின் மேல் எனக்கு வெறுப்பில்லை. எந்த ஹார்மோன் என்றே தெரியாமல் அரைத்துக் குடிப்பதுதான் சரியில்லை.

எந்த ஹார்மோன்?

மாதவிலக்கு தவறுவதற்குத் தைராய்டு குறைவு காரணமாக இருக்கலாம், புரோலாக்டின் கூடியிருக்கலாம், பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பைச் சிக்கலாகவும் இருக்கலாம். ஒன்றுக்கான வழி இன்னொன்றுக்கு உதவாது. சில சமயம் காரணம் நம் மருந்துப் பெட்டியிலேயே இருக்கும். 'கேஸ்' என்று தினமும் விழுங்கும் சில மாத்திரைகளில் டோம்பெரிடோன் கலந்திருக்கிறது. அது புரோலாக்டினை ஏற்றிவிடும். முடி வளர்ச்சிக்கென்று சாப்பிடும் பயோட்டின், தைராய்டு பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டலாம். ரத்தம் கொடுக்கும் முன் இதையெல்லாம் லேபிலும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

பி.சி.ஓ.எஸ்.ஸை 1935-இல் சிகாகோவின் ஸ்டெயின், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் விவரித்தார்கள். கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஸ்கேனில் தெரியும் "நீர்க்கட்டி" கட்டியே அல்ல. முதிராமல் பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். அறுத்து எடுக்க வேண்டியதும் இல்லை, கரைக்க வேண்டியதும் இல்லை. வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்ய வேண்டாம் என்கிறது 2023-இன் சர்வதேச வழிகாட்டி. பதினாறு வயதுப் பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து அழும் அம்மாக்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

சோற்றுக்கும் சினைப்பைக்கும் என்ன உறவு?

பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாகச் செவி சாய்ப்பதில்லை. அதனால் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் கூடுதலாகச் சுரக்கும்படி சினைப்பையைத் தூண்டுகிறது. அந்த ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் சுரப்பதையும் குறைக்கிறது. பருவும் மீசை ரோமமும் கருமுட்டை முதிராமல் நிற்பதும் இந்தச் சங்கிலியில் வருபவை. இயற்கை வழி என்று ஒன்று உண்டென்றால், இந்தச் சங்கிலியை இன்சுலின் பக்கத்தில் தளர்த்துவதுதான்.

இதற்கென்று தனி டயட் தேவையில்லை. ஒன்றைவிட இன்னொன்று மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்று அதே வழிகாட்டி சொல்கிறது. தட்டில் சோற்றைக் குறைத்து, பொரியலையும் பருப்பையும் கூட்டினால் போதும். வாழைப்பூவும் வாழைத்தண்டும் காந்தி மார்க்கெட்டில் கிடைக்கும்போது ஆயிரம் ரூபாய்க்கு நார்ச்சத்துப் பவுடர் எதற்கு? மாலைப் பலகாரத்துக்குச் சுண்டல், முட்டை. வாழைப்பழம் ஒன்று சாப்பிடலாம்; ஜூஸ் வேண்டாம். சிறுதானியம் நல்லதுதான், ஆனால் மாவாக்கிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும்.

வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கொடுக்கும் வழக்கத்தில் நல்ல புரதம் இருக்கிறது. கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சித்திரை வீதியைச் சுற்றினால்

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்கு வலு தரும் பயிற்சி. ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்கு விடியற்காலைச் சித்திரை வீதிகள் இருக்கின்றன. மலைக்கோட்டைப் படிகள் நானூறுக்கும் மேல். முழங்கால் நன்றாக இருந்தால் அதைவிட மலிவான ஜிம் ஊரில் இல்லை. கூடுதல் எடை உள்ளவர்களுக்கு 5 சதவீதம் குறைந்தாலே பலன் தெரியத் தொடங்கலாம். 70 கிலோ பெண்ணுக்கு அது மூன்றரை கிலோ. எடையே குறையாவிட்டாலும் நடை வீணாகாது, இன்சுலின் மேலும் நன்றாக வேலை செய்யும். ஒல்லியான பெண்களுக்கும் பி.சி.ஓ.எஸ். வரும். எனவே எல்லாப் பெண்களிடமும் "முதலில் எடையைக் குறை" என்பது மருத்துவமாகாது.

தூக்கத்தையும் கணக்கில் சேருங்கள். இரவு இரண்டு மணி வரை போன் பார்க்கும் பழக்கத்தை எந்தக் கஷாயமும் ஈடுகட்டாது.

கடைப் பொடிகள்

கழற்சிக்காய்க்குச் சித்த மருத்துவத்தில் இடம் உண்டு. ஆனால் பி.சி.ஓ.எஸ்.ஸைக் குணப்படுத்தும் என்று பெண்களிடம் செய்த பெரிய சோதனைகளால் நிறுவப்படவில்லை. புதினா டீ ஆண் ஹார்மோனைக் குறைத்ததாகச் சிறு ஆய்வு உண்டு; அது ஒரே மாதத்தில் முடிந்துவிட்டது. குடிப்பதில் கெடுதல் இல்லை. மாதவிலக்குச் சுழற்சியின் முதல் பாதிக்கு ஒரு வகை விதை, இரண்டாம் பாதிக்கு இன்னொரு வகை விதை என்ற கணக்குக்கு வலுவான ஆதாரம் கிடையாது. ஆளி விதை நல்ல உணவு, அவ்வளவே. வெந்தயம் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை ஓரளவு தணிக்கலாம்.

சித்த மருந்தே வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்குப் போகலாம். பட்டம் பெற்ற மருத்துவர் நாடி பார்த்து, ரிப்போர்ட் பார்த்துத் தருவார். ஒழுங்கற்ற மாதவிலக்கு உள்ளவர்களும் எதிர்பாராமல் கருத்தரிப்பதுண்டு. அந்த வாய்ப்பு இருந்தால் பொடி எதையும் தானாகத் தொடங்கக் கூடாது.

காபியும் தைராய்டு மாத்திரையும்

தைராய்டு குறைவு உறுதியானால் மாத்திரையை உணவு ஈடுசெய்யாது. மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, டிகிரி காபிக்கு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. முட்டைகோஸை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை, வேகவைத்துச் சாப்பிடலாம். இயற்கை என்று நம்பி இந்துப்புக்கு மாறிய வீடுகளில் அயோடின் போதாமல் போகலாம். அயோடின் உப்பே இருக்கட்டும்.

காத்திருக்கக் கூடாதவை

மூன்று மாதம் மாதவிலக்கே வராவிட்டால் நடை, உணவு என்று தள்ளிப்போடாதீர்கள். கருப்பை உள்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகலாம். பல ஆண்டுகள் அப்படியே விட்டால் புற்றுநோய் அபாயம் கூடும். திடீரென்று குரல் கரகரத்து ரோமம் வேகமாக வளர்ந்தாலும், குழந்தை பெறாதவருக்கு மார்பில் பால் கசிந்தாலும், மாதவிலக்கு நிரந்தரமாக நின்ற பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். போகும்போது குடித்துக்கொண்டிருக்கும் பொடியின் டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.