இருளில் விழித்திருக்கும் காமிரா

பொழுது புலருமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டச் செல்லும் நம் தொழிலாளர்களுக்குக் காட்டோரத்து அச்சம் புதிதன்று. ஈரமண்ணில் பெரிய காலடித் தடம் ஒன்று தென்பட்டால் போதும். 'புலி வந்துவிட்டது' என்னும் பேச்சு தோட்டமெங்கும் பரவிவிடும். வந்தது புலிதானா? சிறுத்தையா? மீண்டும் அவ்வழியே வருமா? இவ்வினாக்களுக்குச் சான்றுடன் விடை காண ஒரு சிறு கருவி துணை செய்கின்றது. மரத்தில் கட்டி வைக்கப்படும் தானியங்கிக் காமிராவே அது.

இவ்வெண்ணம் பழமையானது. 1920ஆம் ஆண்டுகளில் வட இந்தியாவில் வன அதிகாரியாயிருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், விலங்குகள் செல்லும் வழியில் கம்பி கட்டி, அதில் கால் பட்டவுடன் ஒளி மின்னிப் படம் பதியுமாறு செய்து, இரவில் உலவும் புலிகளைப் படம் பிடித்தார்.

இன்று கம்பி தேவையில்லை. காமிராப் பெட்டியின் முகப்பில் வெப்பத்தை உணரும் பகுதி ஒன்று உண்டு. சுற்றுப்புறத்தினும் வெப்பமான உடல் அதன் முன்னே நகர்ந்தால், அவ்வேறுபாட்டை உணர்ந்து காமிரா தானே இயங்கும். இரவில் அது வீசும் அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படாது. அவ்வொளியில் கிடைப்பது கறுப்பு வெள்ளைப் படமே. படத்துடன் நாளும் நேரமும் பதிவாகும்.

காமிராவை விலங்குத் தடத்தின் ஓரமாக, ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் கட்டுவர். எதிரிலுள்ள செடிகொடிகளை அகற்றிவிடுவர். இல்லையேல் வெயிலில் சூடேறிய இலைகள் அசையும் பொழுதெல்லாம் வீண் படங்கள் பதியும். மின்கலங்களையும் படம் பதியும் அட்டையையும் சில வாரங்களுக்கொரு முறை மாற்றுவர்.

புலியின் வரிகள் மனிதரின் கைரேகையை ஒத்தவை. ஒன்றினுடையது மற்றொன்றுக்கு இராது. இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் வேறுபடுவதால், தடத்தின் இருபுறமும் எதிரெதிராக இரு காமிராக்களை வைப்பர். இவ்வாறு ஒரே புலியை இருமுறை எண்ணும் பிழை தவிர்க்கப்படுகின்றது. 2016 முதல் 2020 வரை நடைபெற்ற முதலாவது தேசியப் புலிக் கணக்கெடுப்பு இம்முறையைப் பயன்படுத்தியது. நம் காடுகளில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவான புலிகளே என அது காட்டிற்று.

கருஞ்சிறுத்தையை எவ்வாறு அடையாளம் காண்பது? தீபகற்ப மலேசியாவின் சிறுத்தைகளுள் மிகப் பெரும்பாலானவை கருநிறத்தவை. பகற்படத்தில் அவற்றின் புள்ளிகள் தெரிவதில்லை. திரெங்கானுவில் ஆய்வு செய்தோர், பகலிலும் அகச்சிவப்பு ஒளியிலேயே படம் எடுக்குமாறு காமிராவை மாற்றியமைத்தனர். மறைந்திருந்த புள்ளிகள் படத்தில் தெளிவாகத் தோன்றின. 2015இல் இம்முறை வெளியிடப்பட்டது.

இவற்றால் தோட்டத் தொழிலாளர்களாகிய நமக்கு என்ன பயன்? 2023இல் கிளந்தான், குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கியதால் உயிர்கள் பலியாயின. அத்தகைய இடங்களில் புலி எவ்வழியே, எந்நேரத்தில் வருகின்றது என்பதை அறிந்தாலன்றோ கூண்டு வைக்கவும், வேலை நேரத்தை மாற்றவும் இயலும்? காமிரா பதிவு செய்யும் நேரமே ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

காட்டுப்பன்றிக்கென வைக்கும் சுருக்குக் கம்பி புலியையும் தெனுக்கையும் பிரித்தறியாது. கால் அறுபட்ட புலி மானைத் துரத்திப் பிடிக்க இயலாமல், மாட்டுத் தொழுவத்தை நாடி வரக்கூடும். கண்ணி வைத்து வேட்டையாடுவது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

ஆகவே, காட்டோரத்தில் காமிராவைக் கண்டால் அதை அவிழ்க்கவோ திருப்பி வைக்கவோ வேண்டாம். அதன் முன் நடந்தால் நம் படமும் பதியலாம்; நேர்மையாய் வேலைக்குச் செல்வோர் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கண்ணியையோ புதிய தடத்தையோ கண்டால் தோட்ட நிர்வாகத்திடமோ, பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையிடமோ உடனே தெரிவிப்போம். இருட்டில் தனித்துச் செல்லாமல் துணையோடு செல்வோம். புலியும் நாமும் ஒருவரையொருவர் எதிர்பாராது சந்திக்காதிருப்பதே இரு தரப்புக்கும் நன்மை பயப்பதாகும்.