கால் மாத்திரையின் கணக்கு

குத்தம்பாக்கத்திலிருந்து சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக 25 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மெடிக்கல் ஷாப்போ கூப்பிடு தூரத்தில். வீட்டுப் பூனை நொண்டினால் கை எதைத் தேடும் என்று சொல்ல வேண்டியதில்லை. வலி மாத்திரையில் கால் பங்கை உடைத்துச் சோற்றில் மசித்து வைத்துவிடுகிறார்கள். ‘பச்சைக் குழந்தைக்கே கொடுக்கிறோமே, பூனைக்கு என்ன ஆகிவிடும்?’ என்பது அதற்கான நியாயம். ஒரு மருந்து ஓர் உயிருக்கு ஒத்துக்கொண்டது என்பதிலிருந்து அடுத்த உயிரைப் பற்றி எதையும் முடிவுகட்ட முடியாது என்பதே என் வாதம்.

இந்தப் பாடத்தை நம் நாடு பாறு கழுகுகளைப் பறிகொடுத்துக் கற்றது. மாட்டுக்கு வலி தீர்த்த டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. வெண்முதுகுப் பாறுகளில் 100க்கு 99 அழிந்த பிறகுதான், 2006இல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டுக்கும் 2023இல் தடை வந்தது. கழுகுக்குக் கேடு செய்யாதது என்று சோதித்துத் தேர்ந்த மாற்று மெலாக்சிகாம். பூனை வைத்தியத்தில் உலகெங்கும் அதிகம் புழங்கும் வலி மருந்துகளில் அதுவும் ஒன்று.

பூனையின் சிக்கல் கல்லீரலில் தொடங்குகிறது. பாராசிட்டமாலைக் கழிவாக்கி வெளியேற்றும் நொதிகளில் முக்கியமான ஒன்றுக்கான மரபணு பூனையிடம் பழுதாகிக் கிடக்கிறது. தேங்கும் மருந்து நச்சாக மாறி, இரத்தச் சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்கிறது. ஈறு பழுப்பேறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இரைக்கும். 4 கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கே ஆபத்து.

மெலாக்சிகாமைப் பூனையின் உடல் வேறு வழியில் சிதைத்துவிடுகிறது. ஆகவே அது பயன்படும், அளவு தப்பாதவரை. நாள்பட்ட மூட்டுவலிக்கு ஐரோப்பாவில் தொடர்ந்து கொடுக்க அனுமதித்த அளவு, கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 0.2. மனிதருக்கான சிறிய மாத்திரை 7.5 மில்லிகிராம், அதில் கால் பங்கு ஏறக்குறைய 1.9. அதாவது, வேண்டியதைப் போல ஒன்பது மடங்குக்கு மேல். பிளேடு வைத்து எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் இந்தக் கணக்கு நேராகாது. பூனைக்கென்று வரும் திரவ மருந்தில் மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம்தான், நாய்க்கான புட்டியில் 1.5. புட்டி மாறினாலே அளவு மும்மடங்காகிவிடும்.

‘அமெரிக்கா எச்சரித்திருக்கிறதே, பேசாமல் விட்டுவிடலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். திரும்பத் திரும்பக் கொடுத்ததில் சிறுநீரகம் செயலிழந்து பூனைகள் இறந்ததால், 2010இல் அங்கே மருந்தின் லேபிளிலேயே கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. ஆனால் அங்கே அனுமதி பெற்றது, கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு ஊசி. ஐரோப்பிய தினசரி அளவைப் போல ஆறு மடங்கு. அதே 2010இல் பூனை மருத்துவர்களின் அமைப்புகள் நீண்டகாலச் சிகிச்சைக்கு நெறிமுறை வகுத்தன: பலன் தரும் மிகக் குறைந்த அளவு, உணவோடு மருந்து, போதிய தண்ணீர், அவ்வப்போது இரத்தப் பரிசோதனை, சாப்பிட மறுத்தால் மருந்தை நிறுத்துவது. வலியோடு விட்டுவைப்பதும் தீங்குதான் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. பூனைக்கு அப்படியென்ன வலி என்ற கேள்விக்கு 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று பதில் வைத்திருக்கிறது. 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்ததில், 90இல் மூட்டுத் தேய்மானம். எக்ஸ்ரேயில் தெரிவதெல்லாம் வலியாகிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதிலேறுவதை நிறுத்திய கிழப் பூனைக்கு ‘வயசாயிடுச்சு’ என்று சொல்லி முடிப்பதும் அவசரம்தான்.

தூரமும் செலவும் மெய்யான தடைகள். இருந்தாலும் மருத்துவருக்கு வேண்டிய பாதி விவரம் வீட்டிலேயே கிடைக்கும். பூனையைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிப் பார்த்தால் அதன் எடை ஓரளவுக்குத் தெரியும். பரிசோதனை மேசையில் மிரண்டு ஒடுங்கும் பூனை எதையும் காட்டிக்கொடுக்காது. மாடிப்படி ஏறும்போது செல்போனில் எடுத்த அரை நிமிட வீடியோ காட்டிக்கொடுக்கும். ஏற்கெனவே ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால் அதன் அட்டையையும் கையோடு கொண்டுபோக வேண்டும். பாராசிட்டமாலுக்கு முறிமருந்து உண்டு, நேரத்தோடு போய்ச் சேர்ந்தால்.