ஜாவா கேட்கும் பேஸ்

கடிதம் எழுதவும் வீட்டுக் கணக்கு வைக்கவும் லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச மென்பொருளைக் கையாளும் குடும்பங்கள் பல. மாதக்கணக்கில் ஒரு தொல்லையும் இராது. உறவினர் முகவரிகளை ஒழுங்காகத் தொகுத்து வைப்போமே என்று ஒருநாள் அதன் 'பேஸ்' பகுதியைத் திறந்தால், இப்பணிக்கு ஜாவா தேவை என்ற அறிவிப்பு திரையில் தோன்றுகிறது. மென்பொருளே பழுதாயிற்று என எண்ணி, அதை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவோர் உண்டு. அது வீண் உழைப்பு. பழுது எதுவுமில்லை, துணை ஒன்று குறைகிறது, அவ்வளவே.

அத்துணை தேவைப்படுவதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியில் தோன்றிய ஸ்டார் ஆபீஸை, 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தன்வயமாக்கியது. 1995-இல் ஜாவாவை வெளியிட்டதும் அதே நிறுவனந்தான். 2000-இல் ஸ்டார் ஆபீஸின் மூலநிரல் பொதுவில் வைக்கப்பட, ஓப்பன் ஆபீஸ் பிறந்தது. 2005-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் பேஸ் சேர்ந்தபோது, தகவல்களைச் சேமித்துத் தரும் உட்பொறி ஜாவாவில் எழுதப்பட்டதாகவே அமைந்தது. அந்நாளில் சன் நிறுவனத்தின் ஜாவா சுதந்திர மென்பொருள் அன்று. எனவே சுதந்திர மென்பொருள் இயக்கத்தார் முகம் சுளித்தனர். அதில் நியாயம் இருந்ததென்றே கருதுகிறேன். 2006 இறுதியில் சன் தன் மூலநிரலைத் திறந்துவிடத் தொடங்கியது. 2010-இல் கிளைத்த லிப்ரே ஆபீஸ், பேஸோடு ஜாவாவின் தேவையையும் சேர்த்தே பெற்றுக்கொண்டது.

ஆகவே ஒன்றைத் தெளிந்துகொள்வோம். கடிதம் எழுதும் ரைட்டருக்கும் கணக்கிடும் கால்க்கிற்கும் அன்றாட வேலைகளில் ஜாவா வேண்டியதில்லை. பேஸுக்கும், வேறு சில துணைக் கருவிகளுக்குமே அது வேண்டும். பேஸைத் தொடாதவர் ஜாவாவை நிறுவாமலே இருக்கலாம். பயன்படாத ஒன்றை வைத்துக்கொண்டு அதன் பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பின்னே ஓடுவானேன்?

தேவைப்படுவோர் பெரும்பாலும் இடறுவது ஓரிடத்தில். லிப்ரே ஆபீஸ் 64 பிட் வகையாயின் ஜாவாவும் 64 பிட்டாகவே இருத்தல் வேண்டும். பொருந்தாத ஜாவாவை எத்தனை முறை நிறுவினும் அது கண்ணிற்படாது. நானும் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இப்படிப் போக்கியவனே. 'ஹெல்ப்' பட்டியின் 'அபௌட்' என்பதைத் திறந்தால் உங்களுடையது எவ்வகை என்று தெரியும். விண்டோஸுக்கான அப்பாச்சி ஓப்பன் ஆபீஸ் வைத்திருப்போருக்கு 32 பிட் ஜாவாவே வேண்டும். மெக்கின்டாஷ் கணினியில் ஜே.ஆர்.இ. போதாது, ஜே.டி.கே. தேவை.

எங்கிருந்து பெறுவது? தேடியவுடன் விளம்பரமாக முன்வந்து நிற்கும் தளங்களை நம்பவேண்டாம். ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவா 8, வீட்டுப் பயனுக்கு இலவசம். 2019 ஏப்ரல் முதல் அதன் புதிய திருத்தங்களை வணிக அலுவலில் பயன்படுத்தக் கட்டணம் உண்டு. அந்தக் கவலையே வேண்டாமெனில், எக்லிப்ஸ் அறக்கட்டளையின்கீழ் வெளிவரும் 'டெமுரின்' எவருக்கும் இலவசம்.

நிறுவியபின், 'டூல்ஸ்' பட்டியில் 'ஆப்ஷன்ஸ்', அதனுள் லிப்ரே ஆபீஸ் தலைப்பின்கீழ் 'அட்வான்ஸ்டு' என்று செல்லுங்கள். ஜாவாவைப் பயன்படுத்துக என்ற கட்டத்தில் குறியிட்டால், சற்று நேரத்தில் கணினியிலுள்ள ஜாவாக்களின் பட்டியல் தோன்றும். ஒன்றைத் தேர்ந்து, 'ஓகே' கொடுத்து, லிப்ரே ஆபீஸை முற்றிலும் மூடித் திறவுங்கள். பட்டியல் வெறுமையாயிருந்தால் முதலில் பிட் வகையைச் சரிபாருங்கள். அது பொருந்தியும் வரவில்லையெனில், 'ஆட்' பொத்தானை அழுத்தி ஜாவா நிறுவப்பட்ட கோப்புறையை நாமே காட்டிக் கொடுக்கவேண்டும்.