மூன்று தலைமுறைச் சோம்பேறிகளைத் தேடி

கிளாஸ்கோவிலும் மிடில்ஸ்பரோவிலும் சமூகவியல் ஆய்வாளர்கள் சிலர் ஒரு குடும்பத்தைத் தேடி அலைந்தார்கள். தாத்தா வேலைக்குப் போனதில்லை, அப்பா போனதில்லை, மகனும் போகவில்லை. மூன்று தலைமுறையும் அரசு உதவித்தொகையிலேயே காலம் தள்ளுகிறது. அப்படிப்பட்ட குடும்பம் வேண்டும். பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் மேடைக்கு மேடை சொல்லிவந்த குடும்பம் அது. அந்த இரண்டு ஊர்களுமே பழைய ஆலைகள் மூடப்பட்டு வேலை வறண்டுபோன தொழில் நகரங்கள். அங்கேயும் மிக வறிய பகுதிகளாகப் பார்த்துத்தான் தேடினார்கள். 2012இல் ஜோசப் ரவுன்ட்ரீ அறக்கட்டளை வெளியிட்ட அந்த ஆய்வின்படி, ஒரு குடும்பம்கூடச் சிக்கவில்லை. இரண்டு தலைமுறையாக நெடுங்காலம் வேலையின்றி இருந்த குடும்பங்களைக் கண்டுபிடிக்கவே அரும்பாடுபட வேண்டியிருந்தது. அந்த வீடுகளிலும் பெற்றோர், பிள்ளைகள் தங்களைப்போல் ஆகிவிடக் கூடாது என்றே கவலைப்பட்டார்கள்.

ஆனாலும் அந்தக் கற்பனைக் குடும்பத்துக்குப் பிரிட்டிஷ் மனத்தில் நிரந்தர இடம் உண்டு. தொழிற்சங்கக் கூட்டமைப்பான டியூசிக்காக யூகவ் நிறுவனம் எடுத்து, 2013 தொடக்கத்தில் வெளியான கருத்துக்கணிப்பைப் பாருங்கள். உதவித்தொகையில் 100 பவுண்டுக்கு 27 பவுண்டு மோசடியாகப் பெறப்படுகிறது என்பது மக்களின் சராசரி மதிப்பீடு. அரசின் சொந்தக் கணக்கு 70 பென்ஸ். மொத்தச் செலவில் 41 சதவீதம் வேலையில்லாதவர்களுக்குப் போகிறது என்றும் நினைத்தார்கள். உண்மையில் போனது 3 சதவீதம்.

பெரும்பணம் முதியோருக்குப் போகிறது. சமூகப் பாதுகாப்புச் செலவில் ஏறத்தாழப் பாதி ஓய்வூதியர்களுடையது. எஞ்சியதிலும் கணிசமான பங்கு, வேலைக்குப் போயும் சம்பளம் பற்றாதவர்களுக்கு. வேலையில்லாதவர்களுக்கும் குறைந்த வருமானத்தாருக்கும் தரப்படும் 'யுனிவர்சல் கிரெடிட்' உதவித்தொகையைப் பெறுவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வேலையில் இருப்பவர். ஆனால் ஓய்வூதியம் வாங்கும் பெரியவரை 'பெனிபிட்காரர்' என்று யாரும் சொல்வதில்லை. அவர் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுகிறார் என்பது பொது நம்பிக்கை. சம்பளத்தில் பிடிக்கப்படும் தேசியக் காப்பீட்டில் அப்படித் தனியாக ஒருவர் பெயரில் சேர்த்துவைத்த பணம் எதுவுமில்லை. இன்றைய உழைப்பாளியிடம் பிடிப்பதுதான் இன்றைய முதியவருக்குப் போகிறது. 2025–26இல் முழுமையான புதிய அரசு ஓய்வூதியம் வாரத்துக்கு 230.25 பவுண்டு. வேலையிழந்த 25 வயதுக்கு மேற்பட்ட தனிநபருக்கு யுனிவர்சல் கிரெடிட்டின் அடிப்படைத் தொகை அந்த ஆண்டில் மாதத்துக்கே 400.14 பவுண்டுதான்.

இந்தப் பாகுபாடு நேற்று முளைத்ததல்ல. 1601ஆம் ஆண்டின் எலிசபெத் காலத்து ஏழையர் சட்டமே, உடல் முடியாத ஏழை வேறு, திடமாக இருந்தும் திரிபவன் வேறு என்று பிரித்தது. 1834இல் வந்த புதிய சட்டம் கோட்டை இன்னும் ஆழமாகக் கீறியது: உதவி வேண்டுமா, வேலைக்கூடத்துக்குள் வா, அங்குள்ள வாழ்க்கை வெளியே உள்ள கடைநிலைக் கூலியின் வாழ்க்கையைவிட மோசமாகத்தான் இருக்கும். கணவன், மனைவி, பிள்ளைகளைத் தனித்தனியே பிரித்து வைத்தார்கள். ஆன்டோவர் வேலைக்கூடத்தில் உரத்துக்காக எலும்பு நொறுக்கிய ஏழைகள், பசி தாங்காமல் அந்த எலும்பிலிருந்த அழுகல் மச்சையைச் சுரண்டித் தின்றது 1845இல் அம்பலமாகி நாடே அதிர்ந்தது. அதிர்ந்த பிறகும் சட்டத்தின் மிச்சங்கள் 1948 வரை நீடித்தன. 1908இல் நிறைவேறிய முதல் முதியோர் ஓய்வூதியச் சட்டம், 70 வயது கடந்தவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கொடுத்தது. ஆனால் முடிந்தும் உழைக்காமலே வாழ்ந்தவர்களை ஒதுக்கிவைத்தது.

மேடைப் பேச்சு மாறியதே ஒழிய தொனி மாறவில்லை. 1981இல் கன்சர்வேட்டிவ் அமைச்சர் நார்மன் டெபிட், 1930களில் வேலையிழந்த தன் தந்தை கலவரம் செய்யவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலை தேடிப் போனார் என்றார். 2012இல் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பார்ன், இருள் விலகாத அதிகாலையில் வேலைக்குக் கிளம்பும் தொழிலாளி, ஜன்னல் திரை மூடிய பக்கத்து வீட்டைப் பார்த்து மனம் குமைவதைச் சித்திரித்தார். கெட்டிக்காரத்தனமான சித்திரம் அது. அந்தத் திரைக்குப் பின்னால் இரவுப்பணி முடித்த செவிலியர் தூங்கிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

1980களின் பிற்பகுதியில் உதவித்தொகை போதவில்லை என்றவர்களே அதிகம். பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வுகளின்படி, டோனி பிளேர் காலத்தில் தொழிற்கட்சியும் கண்டிப்பான மொழிக்கு மாறிய பிறகே மக்கள் மனமும் இறுகியது. 2008 பொருளாதாரச் சரிவுகூட அதை இளக்கவில்லை. 2010களின் நடுப்பகுதியில், உதவித்தொகை வெட்டுகள் உறைக்கத் தொடங்கிய பின்புதான் இளகியது. ஆக, மக்களின் கோபத்தை வேலையின்மையைவிடத் தலைவர்களின் பேச்சே அதிகம் இயக்கியது என்று நினைக்க இடமிருக்கிறது.

சந்தேகம் முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. கொரோனா காலத்துக்குப் பின் மோசடி கூடியது. 2024–25 கணக்கில் அது மொத்தச் செலவில் சுமார் 2.2 சதவீதம். நீண்டகால நோயால் உழைப்புச் சந்தைக்கு வெளியே நிற்பவர்கள் 28 லட்சம் அளவில் இருக்கிறார்கள். படிப்பிலும் வேலையிலும் இல்லாத இளைஞர்கள் பத்து லட்சத்தை நெருங்குகிறார்கள். சோம்பல் என்று முத்திரை குத்திவிட்டால், மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியலையும் மனநலச் சேவையின் பற்றாக்குறையையும் பேச வேண்டியதில்லை.

ஒரு முரணும் உண்டு. சோம்பேறியைத் திட்டும் இந்த நாடு, வேலையை உயிராக மதிக்கும் நாடல்ல. லண்டன் கிங்ஸ் கல்லூரி 2023இல் வெளியிட்ட ஒப்பீட்டில், வாழ்க்கையில் வேலை முக்கியம் என்போர் விகிதத்தில் பிரிட்டன் கடைசி வரிசையில் நின்றது. வேலைக்குத் தரும் முக்கியத்துவம் குறைந்தால் நல்லதே என்றவர்கள் 1981இல் 26 சதவீதம், அந்த ஒப்பீட்டில் 43.

குடியேறிகள் கதை இன்னும் விசித்திரம். வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் வந்தவர் வரி கட்டலாம். பெரும்பாலான உதவித்தொகைகளைக் கேட்க முடியாது. இலங்கையிலிருந்து தஞ்சம் கேட்டு வந்த தமிழர்களுக்கும் இதன் மறுபக்கம் தெரியும்: தஞ்ச விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில் பொதுவாக வேலைக்குப் போக அனுமதியில்லை, போகாமலிருந்தால் வசவு மட்டும் உண்டு.

2017இல் வந்த விதி, மூன்றாவது குழந்தைக்கு உதவி மறுத்தது. கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மையினர் அதை ஆதரித்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஒருவராவது வேலையில் இருந்தார். 2026 ஏப்ரலிலிருந்து அந்த விதி நீங்கும் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்தார். ஆனால் ஒரு குடும்பம் மொத்தமாகப் பெறும் தொகைக்கு 2013இல் வந்த உச்சவரம்பை அவர் தொடவில்லை. குறிப்பிட்ட அளவு சம்பளம் ஈட்டும் குடும்பங்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது. வேலையில்லாத பெற்றோரின் மூன்றாவது குழந்தைக்கு வரவேண்டிய பணம் பல வீடுகளில் அங்கேயே தடைபட்டு நிற்கும்.